பன்னிரண்டாவது ஆள்

தோற்றுப்போன கோஷ்டிக்காக வாதாட வருகிறவர்கள் முதன்முதலில் கையிலெடுக்கும் தஸ்தாவேஜு காயம்பட்டவர்களின் ஜாபிதாதான். இன்னாருக்குத் தொடையில் பிடிப்பு, இன்னாருக்கு முழங்காலில் வீக்கம், ஆகவே அபஜயம் நேர்ந்தது என்பார்கள். கேட்பவர்களும் விதியை நொந்துகொண்டு வீடு திரும்புவார்கள். இந்த வாதத்தில் உண்மை இல்லாமலில்லை; ஆனால் பாதி உண்மைதான் இருக்கிறது. காயம் எந்தத் தேசத்துக் கோஷ்டியையும் விட்டுவைப்பதில்லை. காயம்பட்டவர் செய்துவந்த காரியத்தை மறுநாள் செய்வதற்கு வேறொருவர் தயாராக இருந்தாரா என்பதே விசாரணைக்கு உரிய கேள்வி. நமது தேசத்து ஹாக்கி நிர்வாகிகள் இக்கேள்வியைப் பல வருஷங்களாகத் தட்டிக் கழித்து வந்திருக்கிறார்கள் என்பது நமது அபிப்பிராயம். அதற்குரிய சாட்சியங்களை வாசகர்கள் முன் வைக்கிறோம்.

2023-ம் வருஷம் ஜனவரி மாதம் ஒரிஸ்ஸாவில், ரூர்கேலா, புவனேசுவரம் ஆகிய இரு நகரங்களில், உலகக் கோப்பைப் பந்தயங்கள் நடைபெற்றன. சொந்த மண், நிரம்பி வழிந்த மைதானங்கள், அதற்கு ஒன்றரை வருஷங்களுக்கு முன்புதான் டோக்கியோ ஒலிம்பிக்கில், 41 வருஷங்கள் காத்திருந்த பிறகு, நமக்கு ஒரு பதக்கம் கிடைத்திருந்தது. ஜனங்கள் பெரிய நம்பிக்கையோடு இருந்தார்கள். 13-ந் தேதி ஸ்பெயினை 2-0 என்று வென்றோம். இரண்டாவது கோலை அடித்தவர் ஹார்திக் சிங் என்ற நடுக்கள ஆட்டக்காரர். இடது பக்கமாகப் பந்தைத் தானே கொண்டு ஓடி, எதிரிகளைத் தாண்டிக் கோல் கம்பம் வரை சென்ற அந்த ஓட்டத்தைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். தற்காப்பிலிருந்து பந்தை எடுத்துச் சென்று முன்னணிக்குச் சேர்ப்பிக்கும் காரியம் அந்தக் கோஷ்டியில் பெரும்பாலும் அவரையே நம்பியிருந்தது.

15-ந் தேதி இங்கிலாந்துடன் நடந்த ஆட்டம் கோலின்றி முடிந்தது. அந்த ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் ஹார்திக் சிங் பின்தொடைத் தசையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். காயம் சாமானியமானதுதான் என்று முதலில் சொன்னார்கள். 19-ந் தேதி வேல்ஸுடன் அவரின்றி ஆடி 4-2 என்று ஜயித்தோம். ஆனால் கோல் வித்தியாசத்தில் இங்கிலாந்தை மிஞ்ச அது போதவில்லை. இங்கிலாந்து நேராகக் கால் இறுதிக்குச் சென்றது. நாம் நியூஸீலந்துடன் ஓர் அதிகப்படியான பந்தயம் ஆட வேண்டியதாயிற்று. அதற்கு முந்திய நாள்தான் ஹார்திக் சிங் இனி ஆடமாட்டார் என்ற அறிவிப்பு வந்தது. ராஜ்குமார் பால் அவர் ஸ்தானத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

22-ந் தேதி நடந்ததை விவரிப்பது மனத்துக்கு உகந்த காரியமன்று. இரண்டு கோல்கள் முன்னணியில் இருந்தோம். ஒன்று திரும்பி வந்தது. மறுபடி 3-1 என்று முன்னேறினோம். அதையும் விட்டுவிட்டு 3-3 என்று ஆட்டத்தை முடித்தோம். பிறகு ஷூட் அவுட். அதன் நடுவே கோல் கீப்பர் ஸ்ரீஜேஷும் காயமுற்று வெளியேற, கிருஷன் பாதக் வந்து நின்றார். கடைசியில் 5-4 என்று நியூஸீலந்து வென்றது. உலகக் கோப்பையை நடத்திய தேசம் கால் இறுதிக்குக்கூடப் போகவில்லை. பந்தயங்கள் முடிந்த மறுநாள் பயிற்சியாளர் கிரஹாம் ரீட் ராஜினாமாச் செய்தார்.

ஹார்திக் சிங் ஆடியிருந்தால் ஜயித்திருப்போம் என்று யாராவது நிரூபிக்க முடியுமா? முடியாது. இரண்டு கோல் முன்னணியை இருமுறை நழுவவிட்டதற்கு ஒரு மனிதனின் தொடைத் தசை மட்டும் ஜவாப்தாரி ஆகாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்னணியில் இருக்கும்போது பந்தைத் தன் வசம் வைத்துக்கொண்டு காலத்தைக் கழிப்பது நடுக்களத்தாரின் வேலை. அந்த வேலையில் நம்மவர்கள் அன்று தடுமாறினார்கள். எண்ணிக்கையில் குறைவில்லை, ஜாபிதாவில் ஓர் ஆள் போனார், ஓர் ஆள் வந்தார். ஆள் நிரம்பியது, காரியம் நிரம்பவில்லை. புதிதாக வந்த இளைஞரைக் குறை கூறுவது தர்மமாகாது. உலகக் கோப்பையின் நடுவே, வாழ்வா சாவா என்ற பந்தயத்துக்கு முந்திய நாள் ஒருவரை அழைத்து, இன்னொருவருடைய பல வருஷப் பழக்கத்தை ஒரே இரவில் பெற்றுக்கொள் என்று சொன்னால் எவர்தாம் செய்வார்?

ஹாக்கியின் தற்கால விதிகளை அறியாத வாசகர்களுக்கு இங்கே சிறிது கணக்குச் சொல்ல வேண்டும். முற்காலத்தில் பதினொருவர் மைதானத்தில் இறங்கினால் அந்தப் பதினொருவரே ஆட்டத்தை முடிக்க வேண்டும். ஒருவர் விழுந்தால் பத்துப் பேரோடு ஆட வேண்டியதுதான். இப்போது அப்படியில்லை. 1990-களின் தொடக்கம் முதல் ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்; வெளியே சென்றவர் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் உள்ளே வரலாம். ஆகவே ஆட்டத்தின் வேகம் பழைய நாட்களில் நினைக்கவும் முடியாத அளவுக்கு ஏறிவிட்டது. முன்னணி ஆட்டக்காரர் சில நிமிஷங்கள் முழு வலிமையோடு ஓடுவார். உடனே வெளியே வருவார். வேறொருவர் அதே வேகத்தில் ஓடுவார். கோல் கீப்பர் நீங்கலாகப் பத்து ஸ்தானங்கள். ஆட்டம் 60 நிமிஷம். ஆக மொத்தம் 600 நிமிஷ உழைப்பு. ஒலிம்பிக்கில் 16 பேர் கொண்ட கோஷ்டியில் கோல் கீப்பர் போக 15 பேர் இதைப் பங்கிட்டுக்கொண்டால் ஆளுக்கு 40 நிமிஷம். ஒருவர் குறைந்தால் ஆளுக்கு ஏறக்குறைய 43 நிமிஷம். மூன்று நிமிஷம்தானே என்று அலட்சியமாகச் சொல்லலாகாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆட்டம் நடக்கும் பந்தயத் தொடரில் இந்த மூன்று நிமிஷம் வட்டியும் குட்டியுமாக வளர்ந்து, கடைசிப் பகுதியில், கால்கள் கனக்கும் வேளையில், கடனைத் திருப்பிக் கேட்கிறது. களைத்த காலே மறுபடி காயப்படுகிறது என்பதும் பயிற்சியாளர்கள் நன்கறிந்த விஷயம்.

முற்காலத்தில் இந்தக் கணக்கு இல்லையென்றாலும், பின்னால் நிற்கும் ஆளின் அருமையை அக்காலத்துப் பெரியோர்கள் நம்மைவிட நன்றாகவே உணர்ந்திருந்தார்கள். 1936-ம் வருஷம் பெர்லின் ஒலிம்பிக்குக்காகச் சென்ற நமது கோஷ்டி, பந்தயங்கள் ஆரம்பிக்குமுன் ஜெர்மானியருடன் பயிற்சிக்காக ஆடிய ஆட்டத்தில் 4-1 என்று தோற்றது. தலைவர் தியான் சந்த் அதைப் பயிற்சி ஆட்டந்தானே என்று தள்ளிவிடவில்லை. முன்னணியில் ஒரு குறை இருக்கிறது, அதை நிரப்பக்கூடியவர் இந்தியாவில் இருக்கிறார் என்று கண்டுகொண்டார். தந்தி பறந்தது. அலி இக்திதார் ஷா தாரா என்பவர் ஆகாய விமானத்தில் வரவழைக்கப்பட்டு, அரை இறுதிக்குச் சரியாக வந்து சேர்ந்தார். பிரான்ஸை 10-0 என்றும், ஆகஸ்டு 15-ந் தேதி இறுதிப் பந்தயத்தில் அதே ஜெர்மனியை 8-1 என்றும் வென்றார்கள். விமானப் பிரயாணம் அபூர்வமாயிருந்த காலத்தில், ஓர் ஆட்டக்காரருக்காக அவ்வளவு செலவும் சிரமமும் மேற்கொண்டார்கள் என்பது சிந்திக்கத் தக்கது. தாரா போன்ற ஒருவர் வீட்டில் தயாராக இருந்ததும் அதைவிடச் சிந்திக்கத் தக்கதே. தேசம் பிளவுபட்ட பிறகு 1948-ல் லண்டனில் பாகிஸ்தான் கோஷ்டிக்குத் தலைமை வகித்தவரும் இந்தத் தாராவே. பஞ்சாபின் ஆட்டக்காரர்கள் பலரை இழந்தும் நாம் அங்கே பிரிட்டனை 4-0 என்று வென்று தங்கம் பெற்றோம் என்றால், அன்று பின்வரிசை எவ்வளவு ஆழமாயிருந்தது என்பது விளங்கும்.

1956-ம் வருஷத்துச் சம்பவம் வேறு விதமானது. மெல்பர்ன் ஒலிம்பிக்கில் முதல் ஆட்டத்தில் ஆப்கானிஸ்தானத்தை 14-0 என்று வென்றபோது, ஐந்து கோல்கள் அடித்த தலைவர் பல்பீர் சிங்குக்கு வலது கை விரல் முறிந்தது. மாற்று ஆள் என்ற விதியே இல்லாத நாட்கள். அடுத்த ஆட்டங்களில் அவர் இறங்கவில்லை. அமெரிக்காவை 16-0, சிங்கப்பூரை 6-0 என்று மற்றவர்களே வென்றார்கள். ஆனால் விரல் முறிந்த செய்தியை வெளியிடாமல் மறைத்து வைத்தார்கள். ஏனென்றால் பல்பீர் மைதானத்தில் நின்றாலே எதிரிகள் அவரைச் சுற்றி இரண்டு பேரை நிறுத்துவார்கள். நம்முடைய மற்றவர்களுக்கு வழி கிடைக்கும். அரை இறுதியிலும், டிசம்பர் 6-ந் தேதி பாகிஸ்தானுடன் நடந்த இறுதியிலும் அவர் கட்டுப்போட்ட விரலோடு, வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுக்கொண்டு ஆடினார். இரண்டிலும் 1-0 என்று ஜயம். பதக்கம் வந்துவிட்டபடியால் நாம் இதை வீரச் செயலென்று கொண்டாடுகிறோம்; வீரந்தான், சந்தேகமில்லை. ஆனால் இந்த வீரத்தையே வருஷந்தோறும் எல்லா ஆட்டக்காரர்களிடமும் எதிர்பார்க்கும் வழக்கம் இதிலிருந்தே முளைத்தது என்று நினைக்கிறோம். வலியை வெளியே சொன்னவன் கோழை என்றும், மறைத்து ஆடியவன் தேசபக்தன் என்றும் ஒரு மனப்பான்மை நம்மிடையே இன்றும் இருக்கிறது.

விரல் முறிந்து ஆடிய அதே பல்பீர் சிங் 1975-ல் கோலாலம்பூர் உலகக் கோப்பைக்குச் சென்ற கோஷ்டிக்கு மானேஜராயிருந்தார். அரை இறுதியில் மலேசியாவிடம் 1-2 என்று பின்தங்கியிருந்தோம். ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே பாக்கி. அப்போது வெளியே உட்கார்ந்திருந்த அஸ்லம் ஷேர் கான், மைக்கேல் கிண்டோவுக்குப் பதிலாக இறக்கப்பட்டார். பெனால்டி கார்னரில் அவர் அடித்த கோல் ஆட்டத்தைச் சமன் செய்தது. பிறகு 3-2 என்று வென்று, இறுதியில் பாகிஸ்தானையும் 2-1 என்று வென்றோம். நாம் பெற்ற ஒரே உலகக் கோப்பை அதுதான். அது பெஞ்சியில் உட்கார்ந்திருந்தவர் கைவழியாக வந்தது என்பதை நினைவில் வைத்திருப்போர் குறைவு.

இப்போது வழக்கின் கனமான பகுதிக்கு வருவோம். தற்கால ஹாக்கியில் பெனால்டி கார்னர் ஒரு தனிக் கலை. பந்தைக் கோலால் இழுத்துச் சுழற்றி வீசும் டிராக் பிளிக் என்ற வித்தையைப் பல வருஷங்கள் சாதகம் செய்த ஒருவரே செய்ய முடியும். வேறொரு நல்ல ஆட்டக்காரரை அங்கே நிறுத்திப் பயனில்லை. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நம்மிடம் இவ்வித்தையில் உலகத் தரம் வாய்ந்தவர் ஒருவர் இருந்தார். அவர் ஜுக்ராஜ் சிங். 2003-ம் வருஷம் செப்டம்பர் மாதம் மோட்டார் கார் விபத்தில் சிக்கி அவருடைய சர்வதேச வாழ்வு முடிந்தது. அவரில்லாமலே அம்மாதம் ஆசியக் கோப்பையை வென்றோம். ஆகவே யாரும் கவலைப்படவில்லை. நஷ்டம் அடுத்த வருஷந்தான் தெரிந்தது. ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஏழாவது ஸ்தானம். அங்கே அனுபவம் போதாத இளைஞராக அழைத்துச் செல்லப்பட்டவர் சந்தீப் சிங். அவர் மெள்ள மெள்ளத் தேர்ச்சி பெற்று ஜுக்ராஜின் ஸ்தானத்தை அடைந்தார். 2006-ம் வருஷம் ஆகஸ்டு மாதம், உலகக் கோப்பைக்காக ஜெர்மனிக்குப் புறப்பட இரண்டு நாட்கள் இருக்கையில், ரெயிலில் பிரயாணம் செய்துகொண்டிருந்த அவர் மீது, பாதுகாவலர் ஒருவருடைய துப்பாக்கி தற்செயலாக வெடித்துக் குண்டு பாய்ந்தது. அந்த உலகக் கோப்பையில் 12 கோஷ்டிகளில் நமக்குக் கிடைத்தது பதினோராவது ஸ்தானம்.

கார் விபத்தும் துப்பாக்கிக் குண்டும் யாருடைய குற்றமும் அல்ல என்று வாதாடலாம். ஒப்புக்கொள்கிறோம். ஆனால் முதல் விபத்து நடந்து மூன்று வருஷங்கள் கழித்தும், ஒரு மனிதன் விழுந்தால் ஒரு வித்தையே விழுந்துவிடும் என்ற நிலை மாறவில்லையே, அது யாருடைய குற்றம்? ஒரே கிணற்றை நம்பியிருக்கும் கிராமம் ஒரு கோடையில் தவித்துவிட்டு, அடுத்த கோடை வருவதற்குள் இரண்டாவது கிணறு வெட்டாதிருந்தால், மழையையா குற்றஞ்சாட்டுவது? சந்தீப் சிங் பல மாதங்கள் நடக்கவும் முடியாமலிருந்து மீண்டுவந்து, 2009-ல் கோஷ்டிக்குத் தலைவரானது அவருடைய மனோதிடத்துக்குப் பெருமை. நிர்வாகிகள் அதில் பங்கு கேட்க நியாயமில்லை.

நம்மவர்களைக் குறை மட்டுமே கூறுவது நமது நோக்கமன்று. 2017-ம் வருஷம் மே மாதம் மலேசியாவில் ஸ்ரீஜேஷின் முழங்கால் பழுதுபட்டு, அவர் அவ்வருஷம் முழுவதும் ஆட முடியாமற் போயிற்று. கோல் கீப்பர் இல்லாவிட்டால் கோஷ்டியே இல்லை என்று அப்போது பலர் பயந்தார்கள். ஆகாஷ் சிக்தே, சூரஜ் கர்கேரா என்ற இருவரை மாறி மாறி நிறுத்தினார்கள். அக்டோபரில் டாக்காவில் ஆசியக் கோப்பை நமதாயிற்று. டிசம்பரில் புவனேசுவரத்தில் நடந்த உலக லீக் இறுதித் தொடரில், கால் இறுதி ஷூட் அவுட்டில் பெல்ஜியத்தைத் தடுத்து நிறுத்தியவர் சிக்தேதான். முன்கூட்டியே இருவரைத் தயார் செய்து வைத்திருந்ததன் பலன் அது.

அதே தொடரில் மூன்றாவது ஸ்தானத்துக்கு நம்மோடு மோதியவர்கள் ஜெர்மானியர். நோயும் காயமும் அவர்களை வாட்டி, டிசம்பர் 10-ந் தேதி மைதானத்தில் இறங்க அவர்களிடம் பதினொருவரே இருந்தார்கள். மாற்று ஆள் ஒருவர்கூட இல்லை. அந்தப் பதினொருவரிலும் ஒருவர் மார்க் ஆப்பெல் என்ற கோல் கீப்பர். அவரை முன்னணி ஆட்டக்காரராக நிறுத்தினார்கள். நமது கணக்கின்படி ஒவ்வொருவருக்கும் முழு 60 நிமிஷம். நாம் 2-1 என்று ஜயித்தோம். ஆனால் அவர்களுடைய அந்த ஒரு கோலை அடித்தவர் யார் தெரியுமா? அந்தக் கோல் கீப்பர்தான்! நமது வெற்றியைக் கொண்டாடியவர்கள் இந்த விவரத்தைச் சற்று மெதுவாகவே சொன்னார்கள். எந்த ஸ்தானத்தில் நிறுத்தினாலும் பந்தைப் பெறவும் தள்ளவும் தெரிந்தவர்களாகவே சிறுவயது முதல் ஆட்டக்காரர்களை வளர்க்கும் தேசத்தில்தான் இப்படி நடக்கும்.

காயத்தால் அன்றி நடுவரின் தண்டனையால் ஆள் குறைந்தாலும் கணக்கு ஒன்றே. 2024-ம் வருஷம் ஆகஸ்டு 4-ந் தேதி பாரிஸ் ஒலிம்பிக் கால் இறுதியில், பிரிட்டனுக்கு எதிராகப் பதினேழாவது நிமிஷத்தில் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்டது. மீதி நாற்பது நிமிஷங்களுக்கு மேல் நம்மவர்கள் பத்துப் பேராக ஆடி, 1-1 என்று நிறுத்தி, ஷூட் அவுட்டில் 4-2 என்று வென்றார்கள். அது போற்றத் தக்க ஆட்டம். ஆனால் அதற்குரிய விலையை இரண்டு நாட்கள் கழித்துச் செலுத்தினார்கள். ரோஹிதாஸ் ஓர் ஆட்டம் விலக்கப்பட்டார். தண்டனை பெற்றவருக்கு மாற்று ஆள் கிடையாதாகையால் 16 பேரில் 15 பேரோடு ஜெர்மனியை அரை இறுதியில் சந்தித்தார்கள். எதிரியின் பெனால்டி கார்னர்களின்போது பந்தை நோக்கி முதலில் பாய்ந்து செல்வது ரோஹிதாஸின் காரியம். உயிருக்குத் துணிந்த வேலை அது. அன்று ஜெர்மானியரின் முதல் கோல் பெனால்டி கார்னரிலிருந்தே வந்தது. 54-வது நிமிஷத்தில், களைப்பு மேலிடும் வேளையில், அவர்களுடைய மூன்றாவது கோலும் வந்தது. 2-3 என்று தோற்றோம். பிறகு ஸ்பெயினை வென்று வெண்கலம் பெற்றதால் மனம் ஓரளவு ஆறிற்று.

ஆகவே கோஷ்டியைத் தெரிந்தெடுக்கிறவர்களை நாம் கேட்பது இதுதான். பதினாறு பெயர்களையோ பதினெட்டுப் பெயர்களையோ பத்திரிகைகளுக்கு அனுப்பிவிட்டால் கடமை தீர்ந்துவிடாது. பந்தை நடுக்களத்தில் ஏந்திச் செல்ல இரண்டாமவர் யார்? பெனால்டி கார்னரை வீச இரண்டாமவர் யார், மூன்றாமவர் யார்? தடுக்கும்போது முதலில் பாய்பவருக்குப் பதில் யார்? இவர்கள் பெரிய பந்தயங்களில் எத்தனை முறை இறக்கப்பட்டிருக்கிறார்கள்? சில்லறைப் பந்தயங்களிலும் புகழ்பெற்ற பதினொருவரையே இறக்கிக் கோப்பை வாங்கும் ஆசையைச் சற்று அடக்கி, பின்வரிசையாரைத் தோல்விக்கு அஞ்சாமல் ஆடவிட்டாலன்றி இக்கேள்விகளுக்கு விடை கிடையாது. இதில் ஆட்டக்காரர்களின் நன்மையும் அடங்கியிருக்கிறது. ஒரு முறை வெளியே போனால் மறுபடி இடம் கிடைக்காது என்று அஞ்சுகிறவன் வைத்தியரிடம் உண்மை சொல்ல மாட்டான். காயமுற்றவரை எத்தனை நாள் ஓய்வில் வைப்பது என்பதை வைத்தியர் தீர்மானிக்க வேண்டும். பயிற்சியாளரின் அவசரமோ ஆட்டக்காரரின் அச்சமோ தீர்மானிக்கலாகாது.

நம்பிக்கைக்கு இடமில்லாமல் போகவில்லை. 2023 உலகக் கோப்பையிலும் பாரிஸிலும் மாற்று ஆட்டக்காரர்களின் ஜாபிதாவில் ஒரு டிராக் பிளிக் வீரரின் பெயர் இருந்தது. அவர் பெயரும் ஜுக்ராஜ் சிங்தான்; 2003-ல் விபத்துக்குள்ளானவர் வேறு, இவர் வேறு. இரண்டு தடவையும் அவர் முதல் ஜாபிதாவுக்கு வெளியேதான் வைக்கப்பட்டிருந்தார். பாரிஸ் முடிந்து ஒன்றரை மாதத்துக்குள், 2024 செப்டம்பர் 17-ந் தேதி, ஆசியச் சாம்பியன் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் சீனர்கள் நம்மை ஐம்பது நிமிஷம் வரை கோல் அடிக்கவிடாமல் தடுத்து நின்றார்கள். 51-வது நிமிஷத்தில் ஒரே ஒரு கோல் விழுந்தது; அதைப் பெனால்டி கார்னரில் அன்றி நேர் ஆட்டத்திலேயே அடித்தவர் இந்த ஜுக்ராஜ் சிங்.